சப்பாத்தி மாவில் வந்த ரே கன்

அந்த இரும்புத் துண்டை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில் எஸ்டேட் சேல் போட்டிருந்தார்கள். இங்கே மிச்சிகனில் வயதானவர் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால், பிள்ளைகள் வீட்டைத் திறந்துவைத்து உள்ளே இருக்கிற எல்லாவற்றின் மேலும் விலைச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். தட்டு, நாற்காலி, திரைச்சீலை, குளிர்காலக் கோட்டு எல்லாமே விலைக்கு. யாரோ வாழ்ந்த வீட்டுக்குள் அப்படி நுழைந்து கிளறுவது எனக்கு இன்னமும் சங்கடம்தான். ஆனால் இறந்தவர் டூல் மேக்கர், அதாவது தொழிற்சாலைகளுக்கு அச்சும் கருவியும் செய்பவர், என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நானும் அந்தத் தொழிலில் இருப்பவள். போகாமல் இருக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் அவருடைய வேலை மேஜை. அரங்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. மைக்ரோமீட்டர்கள் ஒவ்வொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்த நிலையில் இருந்தன. அதையெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கராஜ் கதவு காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு எஃகுக் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். 8 அங்குல நீளம், 6 அங்குல அகலம், இரண்டரை அங்குல கனம் இருக்கும். பக்கவாட்டில் தண்ணீர் ஓடுவதற்கான துளைகள் தெரிந்தன. துளையைப் பார்த்ததுமே இது ஒரு மோல்டின், பொருளை வார்த்தெடுக்கும் அச்சின், ஒரு பகுதி என்று புரிந்துவிட்டது. கவிழ்ந்து கிடந்ததைப் புரட்டினேன். துருவுக்கும் கெட்டிப்போன கிரீஸுக்கும் நடுவே ஒரு குழி. குழிக்குள் வரி வரியாக வளையங்கள், மீன் துடுப்பு மாதிரி இரண்டு சிறகு, வளைந்த ஒரு பிடி.

அவருடைய மகளிடம் கேட்டேன். அப்பா எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு பட்டறையிலிருந்து கொண்டுவந்தது, தான் பிறந்ததிலிருந்து அது கதவுக்குத்தான் இருக்கிறது என்றார். 20 டாலர் சொன்னார். 15 கிலோ இருக்கும் அந்தக் கட்டியை மடியில் ஏந்துகிற மாதிரி தூக்கிக்கொண்டு காருக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்தேன். குழியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பழக்கமில்லாத கண்ணுக்கு அதில் எந்த உருவமும் பிடிபடாது. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் இருக்கும், இடம் வலமாகியிருக்கும். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். ராத்திரிக்குப் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி, குழியில் எண்ணெய் தடவி, விரலால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தினேன். ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்து எடுத்ததும் உள்ளங்கையில் ஒரு துப்பாக்கியின் வலது பாதி படுத்திருந்தது. குழாயைச் சுற்றி வளையங்கள், பின்னால் ராக்கெட் சிறகு, பிடியின் மேல் சின்னதாக ஒரு நட்சத்திரம். "துப்பாக்கியாம்மா, மீனாம்மா?" என்றாள். அன்று வீட்டில் சப்பாத்தி குறைந்தது. நான் பொம்மைத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதிலிருந்து அவற்றின் அச்சுகளைத் தேடுகிறவளாக மாறியது அந்த ராத்திரியில்தான்.

ரே கன் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1930களிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் செய்த விண்வெளித் துப்பாக்கி பொம்மைகள் இவை. குண்டு கிடையாது. கதிர் பாய்வதாகக் கற்பனை. சத்தம் வரும், தீப்பொறி தெறிக்கும், அல்லது தண்ணீர் பீச்சும். நிஜத் துப்பாக்கியின் சாயல் இதில் துளியும் இருக்காது. அதுதான் எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம். நான் இருக்கிற நாட்டில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒத்திகை நடக்கும் காலத்தில், நிஜத் துப்பாக்கியைப் போலச் செய்த பொம்மையை என் வீட்டுக்குள் விடமாட்டேன். ரே கன் அப்படியில்லை. வானொலிப் பெட்டியையும் விமான எஞ்சினையும் மீனையும் கலந்து யாரோ கண்ட கனவு அது.

அந்தக் கனவு பொருளாக வந்து இறங்கிய ஊர் என் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. பிளிமத், மிச்சிகன். 1882இல் அங்கே காற்றாலை செய்ய ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். விவசாயிகள் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாலை. 1888இல் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் உலோகத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி செய்துகொண்டு வந்து காட்டினார். மேலாளர் லூயிஸ் ஹஃப் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் காலப் பேச்சு வழக்கில் 'டெய்சி' என்றாராம். பிரமாதம் என்று அர்த்தம். காற்றாலை வாங்கினால் துப்பாக்கி இலவசம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் துப்பாக்கியைத்தான் கேட்டார்கள். 1895இல் கம்பெனியின் பெயரே டெய்சி என்று மாறிவிட்டது.

பக் ராஜர்ஸ் என்ற விண்வெளி வீரனின் படக்கதை 1929 ஜனவரியிலிருந்து செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது. 500 வருடம் தூங்கி எழுந்தவன் எதிர்காலத்தில் போரிடும் கதை. அந்த வீரன் கையில் இருக்கும் துப்பாக்கியை டெய்சி 1934இல் பொம்மையாகச் செய்தது. பெயர் எக்ஸ்இசட்-31 ராக்கெட் பிஸ்டல். ஒன்பதரை அங்குல நீளம், தகட்டை பிரஸ்ஸில் அழுத்திச் செய்தது. விலை 50 சென்ட். நியூயார்க் மேசிஸ் கடையில் அதற்காக வரிசை கட்டி நின்றார்கள். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில் இது நடந்தது. நான்கு வருடம் கழித்து, 1938இல், அமெரிக்கா முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியபோது மணிக்கு 25 சென்ட் என்றுதான் வைத்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு பொம்மைக்கு இரண்டு மணி நேர உழைப்பு. வேலையே இல்லாத வீடுகளில் அந்த 50 சென்ட்டை எப்படிப் புரட்டியிருப்பார்கள் என்று அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

என்னிடம் இருக்கும் எக்ஸ்இசட்-31 அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. பிடியில் துரு, மூக்கில் ஒரு நசுங்கல். ஆனால் வளைவுகளைப் பாருங்கள். தட்டையான தகட்டை இவ்வளவு ஆழத்துக்கு இழுத்தும் எங்கேயும் சுருக்கமோ கிழிசலோ இல்லை. டை, அதாவது தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் எஃகு அச்சு, செய்தவன் மூலைகளுக்குக் கொடுத்திருக்கும் வட்டம், தகடு நழுவிப் போக விட்டிருக்கும் இடம், எல்லாம் பழுத்த கைவேலை. அந்த டையைச் செதுக்கியவர் யார் என்று எந்தப் பெட்டியிலும் அச்சிடவில்லை. கதை எழுதிய பிலிப் நோலனின் பெயர் தெரியும், படம் வரைந்த டிக் கால்கின்ஸின் பெயர் தெரியும். எஃகைக் குடைந்தவனின் பெயர்தான் எங்கும் இல்லை.

அடுத்தடுத்து வந்தவற்றில் எக்ஸ்இசட்-38 டிஸின்டிகிரேட்டர் என்று ஒன்று உண்டு. செம்பு நிறம், உள்ளே சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறக்கும். எக்ஸ்இசட்-44 தண்ணீர்த் துப்பாக்கி. அதற்கு வைத்த பெயர் திரவ ஹீலியம் பிஸ்டல். சிவப்பும் மஞ்சளுமாக மின்னல் கோடு போட்டிருக்கும். தண்ணீர் நிரப்ப உள்ளே தோலில் ஒரு பை. 90 வருடத்தில் தோல் காய்ந்து கருவாடாகிவிடுமே, அதனால் வேலை செய்யும் எக்ஸ்இசட்-44 கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

அந்தச் செம்பு நிறத் துப்பாக்கியின் பிற்காலம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வெடித்தது யுரேனியம்-235 குண்டு. போர் முடிந்த கையோடு டெய்சி அதே டிஸின்டிகிரேட்டர் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. புதுப் பெயர் யு-235 அணுத் துப்பாக்கி. பின்னாலேயே யு-238 வந்தது. அந்த ஊரில் கருகிய பிள்ளைகளின் செய்தி அமெரிக்காவில் சரியாகப் பரவுவதற்கு முன்பே, அந்தக் குண்டின் பெயர் இங்கே ஒரு பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. என்னிடம் யு-235 ஒன்று இருக்கிறது. அதை மட்டும் மகளின் கையில் கொடுத்ததில்லை. அவள் பெரியவளானதும் அதன் பெயரோடும் கதையோடும் சேர்த்துக் கொடுப்பேன்.

இதில் ஒரு டூல் மேக்கராக எனக்குக் கண்ணில் படுவது வேறு. கதை மாறும், பெயர் மாறும், வண்ணம் மாறும். எஃகு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். ஒரு டை செய்ய மாதக்கணக்காகும். செலவு கையைக் கடிக்கும். செய்து முடித்த டையை எந்த முதலாளியும் சும்மா வைக்கமாட்டார். பழைய உடம்புக்குப் புதுப் பெயர் சூட்டி விற்பார். அதனால் இந்தப் பொம்மைகளின் உண்மையான வரலாறு எஃகிலே பதிந்திருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருப்பது அதன் மேலே பூசிய வண்ணம் மட்டும்தான்.

அந்த எஃகைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்பத்தூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த டூல் ரூமின் ஃபோர்மன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். சப்பாத்தி மாவு எடுத்த மறுநாள் அவருக்கு வீடியோ கால் போட்டு, போனைக் குழிக்கு மேலே பிடித்துக் காட்டினேன்.

"லைட்ட சைடுல காட்டும்மா. மேல இருந்து அடிச்சா ஒண்ணும் தெரியாது" என்றார். டார்ச்சை ஓரமாகச் சாய்த்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"இது கை வேலைம்மா. அந்த வளையத்தப் பாரு, ஒவ்வொண்ணும் ஒரு நூல் வித்தியாசம். ஆனா பாலிஷ் போட்டிருக்கான் பாரு… அப்பா!"

"எந்த வருஷம் இருக்கும் அண்ணே?"

"வருஷமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? டிரிக்கர்கிட்ட ஒரு கோடு தெரியுதே, அத கிட்டக் கொண்டா."

விசை வரும் இடத்தில் வளைந்த ஒரு கீறல். நகம் வைத்தால் தட்டுப்படும்.

"ஸ்க்ரூடிரைவர் போட்டிருக்கான். பீஸ் மாட்டிக்கிட்டிருக்கும், அவசரத்துல நெம்பியிருக்கான். பித்தளைக் குச்சி எங்க போச்சோ அன்னைக்கு!" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கண்டம் தாண்டி எங்கோ, அவர் பிறப்பதற்கு முன்னால்கூட இருக்கலாம், யாரோ ஒரு ஆபரேட்டர் செய்த தப்புக்கு. எங்கள் டூல் ரூமில் மோல்டின் முகத்தில் எஃகுச் சாமான் எதுவும் படக்கூடாது. பித்தளை அல்லது செம்பு மட்டும்தான். அந்த விதியை மீறி நான் ஒருமுறை வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கீறல் ஏன் முக்கியம் என்றால், மோல்டில் விழும் கீறல் பொம்மையில் மேடாக வரும். அன்றைக்கு அந்த ஸ்க்ரூடிரைவர் பட்ட நிமிஷத்திலிருந்து, அந்தக் குழியில் பிறந்த ஒவ்வொரு துப்பாக்கியின் விசைக்குப் பக்கத்திலும் மயிரிழை போல ஒரு தழும்பு இருக்கும். அதற்கு முன் பிறந்தவற்றில் இருக்காது. ஒரே குழியின் பிள்ளைகளை மூத்தது இளையது என்று பிரிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னும் நிறைய இருக்கிறது இப்படி. மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோட்டைப் பார்ட்டிங் லைன் என்போம். மோல்டு புதிதாக இருக்கும்போது அந்தக் கோடு கூர்மையாக, தலைமுடி மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கில் அடித்து அடித்து எஃகின் விளிம்பு தேய்ந்ததும், உருகிய பிளாஸ்டிக் அந்த இடைவெளியில் கசிந்து மெல்லிய தகடாகப் படியும். அதற்கு ஃபிளாஷ் என்று பெயர். விளிம்பில் ஃபிளாஷ் அதிகம் இருந்தால் அது மோல்டின் கிழட்டு வயதில் பிறந்தது. உள்பக்கம் வட்ட வட்டமாகத் தெரியும் தடங்கள், பொம்மையை வெளியே தள்ளிய எஜெக்டர் பின்களுடையவை. பெயரை எடுக்க வேண்டி வந்தால் இன்னும் சுவாரசியம். எஃகைக் குடைவது சுலபம், குடைந்ததை நிரப்புவதுதான் கஷ்டம். பொம்மையில் எழுத்து மேடாக இருந்தால் மோல்டில் அது இடவலம் மாறிய பள்ளம். ஒரு பெயரைப் பொம்மையில் போட வாங்கிய உரிமம் முடிந்து அந்தப் பெயரை நீக்கச் சொன்னால், அந்த இடத்தையே சதுரமாக வெட்டி எடுத்து எஃகுத் துண்டு ஒன்றைச் செருகி வழித்துவிடுவார்கள். எவ்வளவு நன்றாக வழித்தாலும் அந்தச் சதுரத்தின் ஓரம் பொம்மையில் லேசாகத் தெரியும். பழைய பொம்மைகளில் அப்படி ஒரு வெற்றுச் சதுரத்தைக் கண்டால் நான் அதை விட்டு நகரமாட்டேன்.

இவ்வளவு சாட்சி சொல்லும் மோல்டுகள் ஏன் கிடைப்பதில்லை? எடை. பழைய இரும்புக்கு எப்போதும் விலை உண்டு. கம்பெனி மூடினால் முதலில் காயலான் கடைக்குப் போவது இவைதான். பொம்மையையாவது பிள்ளையின் நினைவாக ஒரு தாய் பரணில் போட்டு வைப்பாள். 15 கிலோ குழியைப் பரணில் யார் வைப்பார்கள்? 1942இல் போருக்காக உலோகப் பொம்மைத் தயாரிப்பையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. பழைய இரும்பு சேகரிப்பில் பொம்மைகளும் பெட்டி பெட்டியாக உலைக்குப் போயின. டெய்சி 1958இல் பிளிமத்தை விட்டு ஆர்கன்ஸா மாநிலத்தின் ராஜர்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்தது. இன்று அங்கே அவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது. வீரனின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடிக்கும்.

பெரிய கம்பெனிகளின் கதை இன்னும் சிக்கல். பிளாஷ் கார்டன் என்ற இன்னொரு படக்கதை விண்வெளி வீரனின் துப்பாக்கிகளை 1935இல் செய்தது லூயிஸ் மார்க்ஸின் கம்பெனி. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பொம்மைக் கம்பெனி அது. 1955இல் டைம் பத்திரிகை மார்க்ஸின் முகத்தை அட்டையில் போட்டது. 1972இல் ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனிக்கு 5 கோடி டாலருக்கும் மேல் விலைக்குப் போனது, 1976இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி வாங்கியது, 1980இல் எல்லாம் முடிந்தது. மோல்டுகள் சிதறின. சில மெக்ஸிகோவுக்குப் போய் அங்கே இன்னும் பல வருடம் பொம்மை அடித்தன. சில மறுபடி அமெரிக்காவுக்கே வந்து சேகரிப்பாளர்களுக்காக ஓடின. எஃகுக்கு எந்த நாடும் ஒன்றுதான், பிளாஸ்டிக்கை ஊற்றினால் பொம்மையைக் கொடுக்கும்.

இங்கேதான் சண்டையும் ஆரம்பிக்கிறது. அசல் மோல்டில் இன்றைக்கு அடித்த பொம்மை அசலா? சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சி. இதில் என் நிலை உறுதியானது. அசல் குழியில் இன்று அடிப்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அடித்துவிட்டுச் சொல்லாமல் விற்பது திருட்டு. மறுபடி ஓட்டுகிறவர் முதல் ஷாட்டுக்கு, அதாவது முதல் பொம்மையை அடிப்பதற்கு, முன்னால் குழியின் ஒரு மூலையில் வருடத்தைக் குடைந்துவிட வேண்டும். நான்கு இலக்கம், அரை மணி நேர வேலை. அதற்கு மேல் யாரையும் யாரும் ஏமாற்ற முடியாது.

ஏமாந்த அனுபவம் எனக்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பொம்மைக் கண்காட்சியில், 1950களின் அசல் என்று சொல்லி ஒரு வியாபாரி எனக்கு ஒரு பிளாஸ்டிக் ரே கன் விற்றார். 200 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டியது. வீட்டில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் 199க்கும் கீழே. அப்போதே வயிற்றைப் பிசைந்தது. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் சுமார் அரை சதவீதம் சுருங்கும். அதனால் மோல்டு செய்பவன் குழியை முன்கூட்டியே அந்த அளவு பெரிதாகக் குடைவான். ஆனால் யாராவது ஒரு பழைய பொம்மையையே மாதிரியாக வைத்து அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து வார்த்தால், ஏற்கெனவே சுருங்கியது இன்னொரு தடவை சுருங்கும். நகல் எப்போதும் அசலைவிடச் சிறியது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். எஜெக்டர் பின் தடம் ஒன்றுகூட இல்லை, ஊசி முனை அளவில் காற்றுக் குமிழ்கள் இருந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர் பதிலே போடவில்லை. அதற்குப் பிறகு வெர்னியர் இல்லாமல் நான் எந்தக் கண்காட்சிக்கும் போவதில்லை.

துத்தநாக வார்ப்பில் செய்தவை தனி உலகம். அதில் அழகி என்றால் ஹப்ளி கம்பெனியின் அட்டாமிக் டிஸின்டிகிரேட்டர். 1954, பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் ஊர். உடம்பு முழுக்கக் குமிழ்களும் முள் காட்டும் வட்டங்களும் சிறகுகளும், சிவப்புப் பிளாஸ்டிக் பிடி. இவ்வளவுக்கும் உள்ளே போடுவது நம்மூர் தீபாவளித் துப்பாக்கியில் போடும் சுருள் கேப்தான். சிறு வயதில் கேப் சுருள் தீர்ந்ததும் கருகிய காகிதத்தை மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பேனே, அதே வாசனை இந்தத் துப்பாக்கியின் உள்ளேயும் லேசாக மிச்சமிருக்கிறது. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே அரித்து, சில வருடங்களில் வெடித்துப் பொடியாகும். 1929இல் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி மிகச் சுத்தமான துத்தநாகத்தில் ஜமாக் என்ற கலவையைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த நோய் அடங்கியது. ஹப்ளியின் துப்பாக்கிகள் இன்றும் கல்லுப் போல இருப்பதற்கு அது ஒரு காரணம்.

என் இரும்புத் துண்டுக்குத் திரும்புகிறேன். அது முழு மோல்டில் நாலில் ஒரு பங்குதான். துப்பாக்கியின் வலது ஓட்டின் வெளிப்பக்கம் மட்டும். இடது ஓட்டின் குழி, இரண்டுக்கும் உள்பக்க வடிவம் கொடுக்கும் கோர், எல்லாவற்றையும் தாங்கும் சட்டம், எதுவும் இல்லை. பின்பக்கம் கையால் அடித்த ஒரு 2 மட்டும் இருக்கிறது. கம்பெனி பெயர் கிடையாது.

"கோர் ஒண்ணு புதுசா செஞ்சு ஷாட் அடிச்சுப் பாத்துடலாமேம்மா. உங்க கம்பெனியிலதான் மெஷின் இருக்கே" என்றார் ஃபோர்மன் அண்ணன். யோசிக்காமல் இல்லை. கோர் வரைய எனக்கு ஒரு வாரம் போதும். ஆனால் ஓட்ட வேண்டுமென்றால் துருப்பிடித்த புள்ளிகளையெல்லாம் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். பாலிஷ் என்றால் எஃகைத் தேய்ப்பது. துரு போகும்போது அந்த மனிதனின் அரம் விட்ட தடமும் போகும், அந்த ஸ்க்ரூடிரைவர் கீறலும் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் சரிதான்" என்றார்.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கிகளை யாரும் தனியாக மதிப்பதில்லை. இணையத்தில் பத்து, பதினைந்து என்று ஒரே பெட்டியில் போட்டு விற்பார்கள். படத்தில் சிறகோ வளையமோ கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். ஒன்றரை வருடத்தில் ஐந்தாறு பெட்டி. பெரும்பாலும் ஒட்டு விட்டுப்போனது, ரப்பர் அடைப்பான் தொலைந்தது, வெயிலில் வெளுத்தது. போன பிப்ரவரியில் வந்த பெட்டியில் அடியில் ஒரு நீலத் துப்பாக்கி. பிடியில் நட்சத்திரம். கை நடுங்கியது. லென்ஸ் வைத்து விசைப் பக்கத்தைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது, தழும்பு இல்லை.

அதே உருவத்துக்கு இரண்டு மோல்டுகூட இருந்திருக்கலாம். அதனால் வளையங்களை அளந்தேன். அண்ணன் சொன்ன அந்த 'ஒரு நூல் வித்தியாசம்' இருக்கிறதே, மூன்றாவது வளையம் மற்றவற்றைவிட ஒரு துளி தடிப்பு, ஐந்தாவது ஒரு துளி சாய்வு. குழியிலும் அப்படியே. கையால் செய்தவன் தன் கையெழுத்தை அறியாமலே போட்டிருக்கிறான். நீலம் என் குழியில் பிறந்ததுதான், கீறலுக்கு முன்னால்.

ஜூனில் சிவப்பு ஒன்று கிடைத்தது. விசைக்குப் பக்கத்தில் விரலை ஓட்டியதுமே தட்டுப்பட்டது. லென்ஸே தேவைப்படவில்லை. குழியில் மெழுகு ஊற்றி எடுத்த அச்சையும் சிவப்புத் துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அம்பத்தூருக்கு அனுப்பினேன். அங்கே அப்போது நள்ளிரவு. ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "மாட்டிக்கிட்டான்!" என்றார்.

இரண்டு துப்பாக்கியின் இடது பக்கத்தையும் அதன் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். என் கைக்கு வராத அந்த இன்னொரு குழியின் முகம் அது. வளையங்கள் இதேபோல, சிறகுகள் இதேபோல, பிடிக்கு மேலே மட்டும் ஒரு வெற்றுச் சதுரம். 18 மில்லிமீட்டருக்கு 9. விளக்கைச் சாய்த்தால் நான்கு ஓரமும் தெரிகிறது. நீலத்திலும் இருக்கிறது, சிவப்பிலும் இருக்கிறது. அப்படியென்றால் பெயரை முதலில் எடுத்திருக்கிறார்கள், கீறல் பிறகுதான் விழுந்திருக்கிறது. அந்தச் சதுரம் வெட்டப்படுவதற்கு முன்னால் பிறந்த ஒரு துப்பாக்கி எங்கோ ஒரு பரணில் இருக்கிறது. இடது பக்கத்தில் எழுத்தோடு.

இப்போது எஃகுக் கட்டி என் மேஜை மேல் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மேலே ஒரு துணி. சில ராத்திரிகளில் துணியை எடுத்துவிட்டு, சிவப்புத் துப்பாக்கியை அதன் குழிக்குள் படுக்க வைப்பேன். வலது பாதி உள்ளே இறங்கும், இடது பாதி வெளியே நிற்கும். விரலால் தள்ளினால் இம்மியளவு ஆடும். 160 மில்லிமீட்டர் நீளத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. பிறந்த அன்று ஆறும்போது சுருங்கிய அளவு.